கருங்கண் ஊரின் தண்ணீர்

இன்றைய பயணத்தில் வண்டி ஏறும் முன்பே ஒரு சங்கதி. கிரேக்கத்தின் தெற்கே இருக்கும் கலமாட்டா நகரில் வண்டி பிடித்து, "மெசினி" என்று மட்டும் சொன்னால் போச்சு. கடைத்தெருவும் வாகன இரைச்சலுமாக இருக்கும் ஒரு சமவெளி ஊரில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். அதன் பழைய பெயர் நிசி. பண்டைய நகரத்தின் பெயரைப் பின்னாளில் சூட்டிக்கொண்ட ஊர் அது. பெயருக்கு உரிய நகரமோ வடக்கே, இதோமி மலைச்சரிவில் கிடக்கிறது. அங்கே போக வேண்டுமானால் கேட்க வேண்டிய பெயர் மாவ்ரோமாதி.

ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறுகிறது சாலை. ஊர் என்றால் சரிவை ஒட்டிப் போகும் ஒரே தெரு, ஓட்டு வீடுகள், காபிக் கடை, அவ்வளவுதான். காபிக் கடைக் கிழவர்கள் ஒரு சின்னக் கோப்பையை வைத்துக்கொண்டு முற்பகலையே ஓட்டிவிடுவார்கள். தெருவின் ஓரத்தில் நின்று கீழே பார்த்தால் ஒரு நகரமே தெரியும்: வரிசை வரிசையாகத் தூண்கள், அரைவட்டமாக அரங்கம், பச்சைப் புல் விரித்த ஓட்டப்பந்தயத் திடல். கிட்டத்தட்ட 2,400 ஆண்டுக்கு முந்தைய மெசினி அது.

இரண்டு ஊர்களுக்கும் தண்ணீர் ஒன்றே. தெருவோரத்துப் பாறையிலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது ஊற்று. நின்று கேட்டால், அந்தத் தெருவில் பெரிய சத்தமே அதுதான். 'மாவ்ரோ' என்றால் கறுப்பு, 'மாதி' என்றால் கண். தண்ணீர் வரும் இருண்ட துளையை வைத்துத்தான் ஊருக்கு இந்தப் பெயர் வந்தது என்பார்கள். தமிழில் ஊற்றுக்கண் என்கிறோமே, கிட்டத்தட்ட அதே பார்வை. ஊற்றின் பழைய பெயர் கிளெப்சிட்ரா. நாழிகை காட்டும் நீர்க்கடிகாரத்துக்கும் கிரேக்கர்கள் இதே சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த பயணி பாசனியஸ், கிரேக்கக் கடவுள்களின் தலைவனான சீயஸைக் குழந்தையாக இருந்தபோது நீராட்டிய ஊற்று இது என்று உள்ளூரார் சொன்னதை எழுதி வைத்தார். சீயஸ் எங்கள் ஊரில்தான் வளர்ந்தான் என்று சொல்லும் ஊர்களை எண்ணி மாளாது என்று குறிப்பிடவும் அவர் தவறவில்லை. தல புராணங்களைக் கேட்டுப் பழகிய மனிதர் போலிருக்கிறது! இந்தத் தண்ணீரைத்தான் தினமும் மலையுச்சியில் இருந்த சீயஸ் கோயிலுக்குச் சுமந்து போவார்களாம். உச்சி சுமார் 800 மீட்டர் உயரம். இன்று அங்கே இருப்பது ஒரு பழைய மடாலயம்.

இந்த மலையைச் சுற்றியிருந்த மக்கள் பல தலைமுறைகளாக ஸ்பார்ட்டா என்ற நகர அரசின் பண்ணையடிமைகளாகக் கிடந்தவர்கள். கி.மு. 464 வாக்கில் ஸ்பார்ட்டாவைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியதும் கிளர்ந்தெழுந்தார்கள். இதே இதோமி மீது ஏறிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இறங்காமல் நின்றார்கள். கடைசியில், நாட்டைவிட்டுப் போவது என்ற உடன்பாட்டின் பேரில் வெளியேறினார்கள். விடிவு பிறக்க ஏறக்குறைய நூறு ஆண்டு ஆயிற்று. கி.மு. 371இல் லூக்ட்ரா போரில் ஸ்பார்ட்டாவை முறியடித்த தீப்ஸ் நகரத் தளபதி எபமினோண்டஸ், கி.மு. 369இல் இவர்களுக்கென்று ஒரு தலைநகரமே எழுப்பினார். சிதறிப்போனவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் கடல் கடந்து திரும்பினார்கள். புல்லாங்குழல் போன்ற ஊதுகருவிகள் முழங்க, அந்த இசைக்கு நடுவே கட்டட வேலை நடந்தது என்கிறார் பாசனியஸ். சுற்றுமதில் மட்டும் சுமார் 9 கிலோமீட்டர். மறுபடி அடிமையாக மாட்டோம் என்று முடிவெடுத்தவர்கள் கட்டிய மதில் அது.

கீழே இறங்கினால் அரங்கத்தைத் தாண்டி, சந்தைத் திடலின் ஓரத்தில் அர்சினோயி நீர்மாடம். மேலே ஊரில் பார்த்த ஊற்றுத் தண்ணீர்தான் நிலத்தடி வழியாக இங்கே வந்து தொட்டிகளை நிரப்பியது. சற்றுத் தள்ளி மருத்துவக் கடவுள் அஸ்கிலீபியஸின் வளாகம். இங்கிருந்த சிலைகள் பலவற்றைச் செய்த டாமோஃபோன் மெசினியின் சொந்தப் பிள்ளை. ஒலிம்பியாவில் சிற்பி ஃபிடியஸ் செய்த சீயஸ் சிலையில் தந்தம் விரிசல் விட்டபோது, அதைப் பொருத்திச் சரிசெய்ததும் இவரே.

பக்கத்தில் நிலத்தடி அறை ஒன்று. சன்னல் கிடையாது, கூரையும் சுவரும் கல். கி.மு. 183 வாக்கில் அக்கேயக் கூட்டணியின் முதிய தளபதி ஃபிலோபோமன் மெசினியர்களிடம் சிறைப்பட்டார். அவரை அடைத்து நஞ்சு கொடுத்த அறை இதுவே என்று அகழ்வாய்வாளர்கள் கருதுகிறார்கள். கோப்பையை வாங்கியவர், தம் குதிரைப்படை தப்பியதா என்று விசாரித்து, ஆம் என்று தெரிந்த பிறகே குடித்தார் என்று பண்டைய எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார்.

ஓட்டத் திடலின் தென்கோடியில் கோயில் போல ஒரு கட்டடம் தெரியும். ஆனால் அது கோயில் இல்லை, சைதிடாய் என்ற செல்வக் குடும்பத்தின் கல்லறை. பந்தயம் பார்க்க வந்தவர்கள் அதைப் பார்க்காமல் தப்பியிருக்க முடியாது. கட்டியவர்களின் எண்ணமும் அதுதான் போலும்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே அகழ்வாய்வுக்கு மண்வெட்டி இறங்கியது. 1986 முதல் தொல்லியலாளர் பெட்ரோஸ் தெமெலிஸ் பொறுப்பேற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார், 2023இல் மறைந்தார். தோண்டி எடுத்ததோடு நில்லாமல், விழுந்து கிடந்த தூண்களை அந்தந்த இடத்திலேயே நிமிர்த்தி வைத்தார். ஒலிம்பியாவில் கூட்டத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டு நடப்பவர்களுக்கு, இங்கே கல்லையே பார்த்துக்கொண்டு நடக்கலாம் என்பது பெரிய ஆறுதல்.

வடக்கே கிளம்பினால் சுற்றுமதிலின் ஆர்க்காடிய வாயில் வரும். வெளியே ஒரு கதவு, உள்ளே ஒரு கதவு, நடுவே கூரையில்லாத வட்ட முற்றம். முதல் கதவை உடைத்து வரும் பகைவனை வட்டத்துக்குள் மடக்கி அடிக்கத்தான் இந்த அமைப்பு. உள்வாயிலின் பிரம்மாண்டமான கல் ஒன்று சரிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. இன்றைய தார்ச் சாலையும் இதற்குள்தான் புகுந்து போகிறது. எதிரே டிராக்டர் வந்துவிட்டால் எபமினோண்டஸே வந்தாலும் வழியில்லை, ஒருவர் பின்வாங்கித்தான் ஆக வேண்டும்.