பழைய காருக்கு உங்கள் காதுதான் கருவி



உங்கள் வீட்டில் 1985-இல் அறிமுகமான முதல் புரோட்டோன் சாகாவோ, அதற்கும் முந்திய டட்சன் 120ஒய் காரோ இன்னும் ஓடுகிறதா? அப்படியானால் இன்றைய தலைப்பு உங்களுக்குத்தான்.

சுங்கை பினாங்கிலிருந்து புறப்பட்டு, பாயா தெருபோங் தாண்டி பாலிக் பூலாவ் மேட்டில் ஏறுகிறீர்கள். எக்சலேட்டரை அழுத்தியதும், டின்னில் கூழாங்கற்களைக் குலுக்குவது போல ஓசை கேட்கிறதா? அதுதான் 'நாக்கிங்'.

எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுழன்றால், நொடிக்கு 50 சுற்று. பெட்ரோல் கலவை எரிந்து பரவ நேரம் வேண்டுமல்லவா? அதனால்தான் பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சில டிகிரி முன்பே பிளக்கில் பொறி விழுகிறது. இதுவே 'டைமிங்'. பொறி அளவுக்கு மீறி முந்தினால், அழுத்தமும் வெப்பமும் எகிறி, தீ இன்னும் எட்டாத கலவை தானாகவே வெடிக்கிறது. இது தொடர்ந்தால் பிஸ்டனே உடையலாம்.

பலர் உடனே பெட்ரோலைக் குறை சொல்லி, விலை கூடிய ரோன்97-க்கு மாறுகிறார்கள். சற்று யோசியுங்கள். மலேசியாவில் 2009 செப்டம்பரில்தான் ரோன்92-க்குப் பதிலாக ரோன்95 வந்தது. ரோன் எண் கூடினால் நாக்கிங்கைத் தாங்கும் திறனும் கூடும். அன்று ரோன்92-இல் அமைதியாக ஓடிய கார் இன்று ரோன்95-இல் தட்டுகிறது என்றால், கோளாறு பெட்ரோலில் இல்லை, எஞ்சினில் இருக்கிறது.

டிஸ்ட்ரிபியூட்டர் நகர்ந்திருக்கலாம். பாயிண்ட் இடைவெளி அகன்றாலும் பொறி முந்தும். உள்ளே கரி படிந்திருக்கலாம். ரேடியேட்டர் அடைத்து எஞ்சின் சூடேறியிருக்கலாம். விலை கூடிய பெட்ரோல் ஓசையை அடக்குமே தவிர, இவற்றில் எதையும் சரிசெய்யாது.

மெக்கானிக்கிடம், "டைமிங் லைட் வைத்து, கையேட்டில் உள்ள டிகிரிக்குச் சரிபாருங்கள்" என்று கேளுங்கள். ஓசை நிற்க வேண்டும் என்பதற்காகப் பொறியை மிகவும் பின்தள்ளினால் இழுவை குறையும், எஞ்சின் சூடாகும், பெட்ரோலும் வீணாகும். அதுவரை மேட்டில் கியரைக் குறைத்து, எக்சலேட்டரை மெதுவாக அழுத்துங்கள்.

இக்காலக் கார்களில் நாக்கிங்கை உணர்ந்து பொறியைத் தானே பின்தள்ளும் சென்சார் உண்டு. பழைய காரில் அது இல்லை. ஓட்டுபவரின் காதுதான் அந்தச் சென்சார். அடுத்த முறை மேடேறும்போது வானொலியைச் சற்று நிறுத்திவிட்டுக் கேளுங்கள். பிஸ்டன் உடைந்தபின் ஆகும் செலவைவிட, டைமிங் பார்க்கும் கூலி மிகச் சிறியது.