எரிமலை இல்லாத ஊரில் ஓர் எரிமலைப் பாடம்

(பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



நான் புவியியல் படிப்பித்த காலத்தில் ஒரு பிள்ளை கேட்டாள்: "ரீச்சர், இலங்கையில் எரிமலையே இல்லை. பிறகேன் இதைப் படிக்க வேண்டும்?" "சோதினைக்கு வரும், படி" என்றேன். அந்தப் பதிலுக்காக இன்றும் வருந்துகிறேன். அன்று சொல்லாததை இன்று சொல்கிறேன்.

பூமியின் மேலோடு ஒரே துண்டு அல்ல, பல பெருந்தட்டுகள். இந்து சமுத்திரத்தின் தரை, சுமாத்திரா, யாவா தீவுகளின் அடியில் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் அமிழ்கிறது. அமிழும் பாறை கடல்நீரையும் உள்ளே கொண்டு செல்கிறது. ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஆழத்தில் அந்த நீர் பிரிந்து, மேலேயுள்ள சூடான பாறையில் கலக்கிறது. நீர் சேர்ந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகும். உருகிய குழம்பு மேலெழும். மேலே வர வர அமுக்கம் குறைய, அதில் கரைந்திருந்த நீராவியும் வாயுக்களும் சோடாப் போத்தலைத் திறந்ததுபோல் நுரைத்துப் பொங்கும். குழம்பு இளகியதென்றால் வாயு இலகுவில் வெளியேற, எரிமலை வழிந்தோடும். தடித்த கூழ் போன்றதென்றால் வாயு அடைபட்டு, இறுதியில் வெடிக்கும்.

1883 ஓகஸ்ட் 27 அன்று கிரக்கட்டோவா அப்படித்தான் வெடித்தது. 36,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பல்ல, கடலலை. அந்த அலை இலங்கைக் கரையையும் தொட்டது. அடுத்த மாதம் இங்கே சூரியன் பச்சையாகத் தெரிந்தது.

எங்கள் தீவு தட்டின் ஓரத்தில் இல்லை; உள்ளே இருக்கிறது. அதனால்தான் எரிமலை இல்லை. கன்னியா, மகாஓயா வெந்நீர் ஊற்றுகளும் எரிமலையின் அடையாளமல்ல. மழைநீர் பாறை வெடிப்புகளூடாக ஆழத்துக்கு இறங்கி, சூடேறி மீள்கிறது.

ஆனால் அதே அமிழும் தட்டுத்தான் 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு மேற்கே சறுக்கியது. நத்தாருக்கு மறுநாள், போயா தினம், ஞாயிற்றுக்கிழமை. எரிமலை எதுவும் வெடிக்கவில்லை. காலை 7 மணியளவில் அங்கே நிலம் அதிர்ந்தது; 9 மணியளவில் கல்லடியிலும் நாவலடியிலும் கடல் ஏறியது. இடையில் இரண்டு மணித்தியாலம் இருந்தது. எங்களுக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. தை மாதம் பாடசாலை திறந்தபோது என் வகுப்பில் மூன்று கதிரைகள் வெறுமையாயிருந்தன. கேள்வி கேட்ட பிள்ளையின் தங்கை அமர்ந்த கதிரையும் அவற்றில் ஒன்று.

கடல் வற்றினால் ஓடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தாய்லாந்துக் கரையில் முதலில் கடல் வற்றியது உண்மை. எங்கள் பக்கத்துக்கோ முதலில் வந்ததே உயர்ந்த அலை. ஆகவே கடலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். எச்சரிக்கை கேட்டதும் கரையை விட்டு விலகுங்கள். முதல் அலை வடிந்ததும் திரும்பி வராதீர்கள். பின்னால் வருவது அதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம்.

எங்கெங்கோ வாழும் சகோதரிகளே, இதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சோதினைக்காக அல்ல.