உடுத்திய ஆடையும் கொடையும்



தீபத் திருநாள் நெருங்குகையில் நம் இல்லங்களில் புத்தாடைகள் குவிகின்றன. அலமாரியில் இடம் வேண்டிச் சென்ற ஆண்டின் ஆடைகள் பைகளுக்குள் திணிக்கப்படுகின்றன. அவற்றுள் பல, இரண்டு முறைகூட உடுத்தப்படாதவை. ஒரு பருத்திச் சட்டை உருவாக ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாகிறதெனக் கணக்கிட்டுள்ளனர். மத்திய ஆசியாவின் ஏரல் கடல் வற்றிப்போனதற்கு, 1960ஆம் ஆண்டுகள் தொடங்கி அதன் ஆறுகளைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பியதே பெருங்காரணம்.

"பிறர் உடுத்தியதை நாம் உடுத்துவதா?" என முகஞ்சுளிப்போர் நம்மிடையே உளர். அம்பாளுக்குச் சாத்திய சேலையைக் கண்களில் ஒற்றிப் பெற்றுக்கொள்பவர்களும் அவர்களே! பச்சிளங் குழந்தையின் மேனிக்குப் புதுத்துணி உறுத்துமென்று, பலமுறை துவைத்து மென்மையுற்ற பாட்டியின் நூற்சேலையில் அன்றோ நம் முன்னோர் தொட்டில் கட்டினர்? தோட்டப்புறங்களில் பால்மரம் வெட்டச் சென்றோரும், பால்கறை போகாதென்று பழஞ்சட்டையையே அணிந்தனர். பழையது இழிவு என்னும் எண்ணம் கையில் காசு வந்தபின் வந்தது.

ஆதலின், 'பண்டல் கடை' எனப்படும் பழைய ஆடைக் கடைகளுக்குச் செல்ல நாணவேண்டுவதில்லை. கழுத்துப்பட்டை, அக்குள், தையல், ஜிப் ஆகியவற்றை வெளிச்சத்தில் பார்த்து வாங்கி, துவைத்தபின் உடுத்தலாம். மலிவென்று பத்து வாங்கினால் அலமாரி மீண்டும் நிறையும்; அது வேறு கதை.

கொடுப்பதில்தான் மிகுந்த கவனம் தேவை. கிழிந்ததும், பொத்தான் அற்றதும், வியர்வை நாற்றம் நீங்காததும் கொடையாகா; அது குப்பையை இடம் மாற்றும் செயலேயாகும். கானா நாட்டின் அக்ரா நகரிலுள்ள காண்டமாண்டோ சந்தைக்குப் பிறநாடுகள் கழித்த ஆடைகள் பொதிபொதியாக வந்து இறங்குகின்றன. அவற்றுள் விலைபோகாதவை சாக்கடைகளை அடைத்து, இறுதியில் கடற்கரையில் ஒதுங்குகின்றன. அனுப்பியோர் அதனைத் தருமம் என்றே எண்ணியிருப்பர். ஆலய வாயிலில் இரவோடு இரவாகப் பையை வைத்துச் செல்வோரும் அவ்வாறே எண்ணுகின்றனர். மழையில் நனைந்து பூஞ்சை பூத்த அத்துணிகளை எவர் உடுத்துவர்?

துவைத்து, தேய்த்து, அளவு குறித்து, வேண்டுமா என முன்கூட்டியே கேட்டுக் கொடுத்தல் முறை. சிறப்பாகப் பள்ளிச் சீருடை. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையும் கருநீலக் காற்சட்டையும் மலேசியா எங்கும் ஒன்றே. ஒரு பிள்ளை வளர்ந்து கழித்தது எந்த ஊர்ப் பிள்ளைக்கும் பொருந்தும். பள்ளி திறக்கச் சில வாரங்களுக்கு முன்னரே கொடுத்துவிடல் நலம். பெயர்ப்பட்டி தைத்திருந்தால் நூலைப் பிரித்து அகற்றிவிட்டுக் கொடுங்கள். அணியும் பிள்ளைக்கு அது தன்னுடைய சட்டையாகவே இருக்கட்டும்.