இடமும் அயலும்: சிறுகுடற் கலங்களின் வியத்தம்

சிறுகுடலின் உட்சுவரைப் போர்த்திருக்கும் மேலணிக் கலங்களுள் பெரும்பாலானவை 3 முதல் 5 நாள்களுக்குள் உதிர, அவற்றின் இடத்தைப் புதியவை நிரப்புகின்றன. சுவரிலிருந்து விரல்போல் எழும் சடைமுளைகளின் அடியில் அமைந்த லிபர்கூன் மறைகுழிகளில், குருத்துக் கலங்கள் பிரிந்து பிரிந்து தோற்றுவிக்கும் இக்கலங்கள், மேல்நோக்கி நகரும் வழியிலேயே தத்தமக்குரிய அமைப்பையும் தொழிலையும் பெறுகின்றன. அதுவே வியத்தம் எனப்படும். உணவை அகத்துறிஞ்சும் கலம், சீதம் சுரக்கும் கெண்டிக் கலம், ஓமோன் சுரக்கும் கலம், மேலேறாமல் குழியடியிலேயே தங்கி நுண்ணுயிர்க்கொல்லிப் புரதங்களைச் சுரக்கும் பனெத் கலம் என ஒரே மூலத்திலிருந்து பலவகை பிறக்கையில், எது எதுவாகும் என்பதைப் பிறப்பைவிட இடமும் அயலுமே தீர்மானிக்கின்றன.

இடத்தை உணர்த்தும் சமிக்ஞைகளுள் முதன்மையான வின்ட் வழியின் வரலாறு குடலில் தொடங்கவில்லை. 1973இல் புதுதில்லியில் ஆர். பி. சர்மா, பழ ஈயில் சிறகைத் தோன்றாமற் செய்யும் விகாரம் ஒன்றைப் பதிவு செய்தார், 1976இல் வி. எல். சோப்ராவுடன் இணைந்து அதனை விரிவாக ஆராய்ந்து எழுதினார். 1982இல் நூசே, வார்மஸ் என்னும் ஆய்வாளர்கள் சுண்டெலியின் முலைச்சுரப்பிப் புற்றில் கண்ட பரம்பரையலகுக்கு ஈயில் நேரானது, சர்மாவின் விகாரம் நிகழ்ந்த அதே பரம்பரையலகு என்பது 1987இல் தெரியவந்தது; வின்ட் புரதத்தை ஆக்குவது அதுவே. தெற்காசிய வகுப்பறைகளில் ஓரிரு வாக்கியமாவது இதற்கு ஒதுக்கப்படுவது நியாயம்.

வின்ட் புரதம் வந்து சேராத கலத்தில் பீற்றா கற்றெனின் என்னும் புரதத்தை ஏபிசி முதலிய புரதங்களின் தொகுதி இடைவிடாது அழிக்கிறது. வின்ட் வந்தால் அழிவு நின்று, பீற்றா கற்றெனின் கருவினுள் சென்று ரிசிஎஃப்4 என்னும் புரதத்துடன் சேர்ந்து, பிரிவைத் தூண்டும் பரம்பரையலகுகளை இயக்குகிறது. ரிசிஎஃப்4 இல்லாத சுண்டெலிகளின் சிறுகுடலில் பிரியும் கலங்களே இல்லாதிருந்தமையை 1998இல் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் காட்டினர். பனெத் கலங்களிலிருந்தும் குழியைச் சூழ்ந்த இழையத்திலிருந்தும் வெளிப்படும் வின்ட் நெடுந்தூரம் செல்வதில்லையாதலால், மேலேறும் கலம் அதன் எல்லையைக் கடந்ததும் பிரிவதை விடுத்து வியத்தமடைகிறது. ஏபிசி பழுதடைந்தால் அந்த எல்லையே அழிந்துவிடுகிறது. பெருங்குடற் புற்றுகளுள் பெரும்பான்மையின் தொடக்கம் இதுவே.

நொச் வழியோ அயலாருக்கிடையே நிகழ்வது. ஒரு கலத்தின் மேற்பரப்பிலுள்ள டெல்ரா புரதம் அடுத்த கலத்தின் நொச் ஏற்பியைத் தொட, தொடப்பட்ட கலத்தில் அற்றோ1 என்னும் பரம்பரையலகு அடங்கி, அது அகத்துறிஞ்சும் கலமாகிறது. தொட்டதோ அற்றோ1 ஓங்கிச் சுரக்கும் வகையைச் சேர்கிறது. நொச் வழியை மருந்தால் தடுத்தபோது மறைகுழியில் பிரிந்துகொண்டிருந்த கலங்கள் அனைத்தும் கெண்டிக் கலங்களாக மாறியமை 2005இல் வெளியானது. உணவை உறிஞ்ச ஆளின்றிச் சீதம் மட்டும் மிகும் அத்தகைய குடல் உயிரைத் தாங்காது.

இந்த இடவேறுபாடு நோயிலும் புலப்படுகிறது: வயிற்றோட்டத்தை உண்டாக்கும் ரோட்டா வைரசு தாக்குவது சடைமுளையின் மேற்பகுதியிலுள்ள முதிர்ந்த கலங்களையே. மறைகுழி பெரும்பாலும் தப்பிவிடுகிறது. இலங்கையின் திருக்கோவில், கல்முனைக் கரையோர வீடுகளில் வயிற்றோட்டம் கண்ட குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்கப்படும் ஜீவனி என்னும் வாய்வழி நீரேற்றல் உப்புத்தூளிலுள்ள குளுக்கோசும் சோடியமும், எஞ்சிய கலங்களின் வழியே ஒன்றாக உள்ளேறித் தம்முடன் நீரையும் ஈர்க்கின்றன. புதிய கலங்கள் குழியிலிருந்து மேலேறி முதிர எடுக்கும் அச்சில நாள்களைக் குழந்தை கடப்பது அந்த நீரால்தான்.