தற்காலிகம் என்றொரு சொல்

இன்று சட்டப் பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே! என் நேரத்தை ஒரே சொல்லுக்குத் தருகிறேன். சட்டத் தலைப்புகளில் அடைப்புக்குறிக்குள் அடக்கமாக உட்கார்ந்திருக்கும் 'தற்காலிகம்' என்ற சொல் அது.

இலங்கை சிறிய நாடு; வாக்குரிமையில் நமக்கு மூத்த நாடு. அங்கே 1931-லேயே ஆணும் பெண்ணும் வாக்களித்தார்கள். ஆனால் வாக்குச்சீட்டு மட்டும் உரிமைகளைக் காத்துவிடவில்லை. 1948-ன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1979-ல் பயங்கரவாதத் தடைச் சட்டம் மூன்றே ஆண்டுக்கு என்று வந்தது. 1982-ல் அந்தக் கெடு நீக்கப்பட்டது. குற்றப்பத்திரிகை இல்லாமலே, அமைச்சரின் ஆணையில் 18 மாதம் வரை ஒருவரை அடைத்து வைக்க முடிந்தது. உதவிப் போலீஸ் அத்தியட்சரிடம் தரும் வாக்குமூலமே சாட்சியம். உள்நாட்டுப் போர் 2009 மே மாதம் முடிந்தது, சட்டம் முடியவில்லை. 2022-ன் திருத்தம் 18 மாதத்தை 12 ஆக்கியது.

குண்டு வெடிக்கும் நாட்டில் கடுமை வேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2019 ஈஸ்டர் தாக்குதலை யாரும் மறக்க முடியாது. ஆனால் அதற்குப் பின், 2020 மே மாதம், இதே சட்டத்தில் கைதானவர்களில் ஒருவர் அஹ்னாஃப் ஜசீம் என்ற ஆசிரியர். தமிழில் அவர் எழுதிய 'நவரசம்' கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்றார்கள். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில்; விடுதலையானது 2023-ல். குண்டுக்காகத் தீட்டிய கத்தி கவிதை மேல் விழுந்தது. கேள்வி கேட்க ஆளில்லாத அதிகாரம் அப்படித்தான் இடம் மாறும்.

அண்டை நாட்டுக் கதை நமக்கெதற்கு என்றும் கேட்கலாம். நம் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடா 1985-ல் இரண்டு ஆண்டுக்கென்று வந்து, நீண்டு நீண்டு 1995-ல்தான் காலாவதியானது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள பூந்தமல்லியின் தடா நீதிமன்றம் 1998-ல் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அது தடாவுக்குரிய குற்றமே அல்ல என்றது. கொலைச் சதிக் குற்றத்திலிருந்து 19 பேரை விடுவித்தது. கொலை கொடியது என்பதில் ஐயமில்லை. குற்றம் கொடியது என்பதாலேயே சான்றை இன்னும் கறாராக எடைபோட வேண்டும். தடா அந்த எடைக்கல்லைத்தான் குறைத்தது.

ஆகவே இளைய வழக்கறிஞர்களே, தற்காலிகச் சட்டம் ஒன்று உங்கள் மேசைக்கு வந்தால், முடியும் தேதி எங்கே என்று முதலில் தேடுங்கள். தேதி இருந்தால், அதை நீட்டுவது யார் கையில் என்று கேளுங்கள். குற்றஞ்சாட்டப்பட்டவரின் பெயரைப் படிப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.