ஸ்டெப்னியும் ஓர் அமானிதமே
(வாகன ஓட்டுநர்கள் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)

 

நம் டிரஸ்ட் காரின் டிக்கியில் கிடந்த ஒரு பழைய சக்கரத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதை வாங்கக் கையெழுத்துப் போட்டவன் நான். ஆகவே என் தவறை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டயாலிசிஸ் நோயாளிகளை வேலூருக்கு அழைத்துச் செல்லும் அந்தக் காருக்கு ஸ்டெப்னி தேவைப்பட்டது. பழைய சாமான் கடையில் ஒன்று மலிவாகக் கிடைத்தது. "போல்ட் துளை பொருந்துகிறதா? அப்படியானால் வாங்கிவிடுங்கள்" என்றேன். டயரின் பக்கவாட்டில் எழுதியிருந்த எண்ணைப் பார்க்கவில்லை.

ஒருநாள் விடியற்காலை, கண்ணமங்கலம் தாண்டியதும் முன் இடது சக்கரம் பஞ்சர். காரில் வயதான ஒரு தாயும் அவர் மகனும். டிரைவர் தம்பி அவசரமாக அதே இடத்தில் ஸ்டெப்னியை மாட்டிக் கிளம்பினார். எதிரே லாரி வந்தபோது பிரேக் பிடித்தார். கார் ஒரு பக்கமாக இழுத்தது. நல்லவேளை, வேகம் குறைவு. ஓரங்கட்டி எனக்குப் போன் செய்தார்: "செக்ரட்டரி பாய், இந்தச் சக்கரம் சின்னதா இருக்கு. வண்டி நிலையா போகலை." எனக்கு வாயடைத்துப்போனது.

நம் காரின் டயர் 185/65 ஆர் 15. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் ரிம்மின் அளவு, அங்குலத்தில். கணக்குப் போட்டால் சக்கரத்தின் மொத்த விட்டம் சுமார் 621 மி.மீ. நான் வாங்கியது 165/65 ஆர் 14. அதன் விட்டம் சுமார் 570 தான். ஒரு கிலோமீட்டருக்குப் பெரிய சக்கரம் 512 சுற்று சுற்றினால், சின்னது 558 சுற்று சுற்ற வேண்டும். நம் ஊரில் தறி தெரியாதவர் யார்? பாவு ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்தால் துணி என்னவாகும்? அதுபோலத்தான் இதுவும்.

வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்றுவதற்காக வண்டியில் டிஃபரன்ஷியல் இருக்கிறது. இழுக்கும் அச்சில் இரண்டு அளவுச் சக்கரம் இருந்தால், நேர்ச் சாலையிலும் அது ஓயாமல் வேலை செய்து சூடாகும். ஏபிஎஸ்ஸும் சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டுத்தான் இயங்குகிறது, அதுவும் குழம்பலாம்.

ரிம் அளவு வேறு என்பதாலேயே பயப்பட வேண்டாம். 195/55 ஆர் 16 டயர் உள்ள காருக்கு 185/65 ஆர் 15 ஸ்டெப்னி என்றால், வெளி விட்டம் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. பார்க்க வேண்டியது வெளி விட்டத்தை. ஆனாலும் கம்பெனி கொடுத்த சிறிய ஸ்டெப்னியில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதே என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், அதை மீறக் கூடாது.

அன்று போனிலேயே பேசி முடிவெடுத்தோம். நம் கார் முன்சக்கர இழுவை. பின்னால் இருந்த நல்ல சக்கரத்தைக் கழற்றி முன்னால் மாட்டி, சின்னதைப் பின்னால் போட்டார். இரண்டு முறை ஜாக்கி போட வேண்டியிருந்தது. ஆனால் திருப்புவதும் இழுப்பதும் முன்சக்கரம், பிரேக்கின் பெரும் பாரமும் அதன் மேல்தான். பின்சக்கர இழுவை வேன் வைத்திருப்பவர்கள் வண்டிக் கையேடு சொல்கிறபடி செய்யுங்கள். பிறகு 40ஐத் தாண்டாமல், திடீர் பிரேக் இல்லாமல், முன்வண்டியோடு நிறைய இடைவெளி விட்டு ஓட்டினார். வேலூர் போய்ச் சேர்ந்தபோது அந்தத் தாயின் முறை கடந்துவிட்டது. மதியம்வரை காத்திருந்தார்கள். நான் மிச்சம்பிடித்த பணத்துக்கு அவர் கொடுத்த விலை அது. அவர் மகனிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

தம்பிகளே, ஜாக்கி போடுமுன் சமதளமான இடத்தில் நிறுத்துங்கள், ஹசார்டு விளக்கைப் போடுங்கள், எதிர்மூலைச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். சில கிலோமீட்டர் போனதும் மறுபடி சரிபாருங்கள். அலாய் வீலின் நட்டு இரும்பு ரிம்முக்குச் சேருமா என்பதை வீட்டிலேயே கேட்டு வையுங்கள். அந்தச் சக்கரத்தோடு சென்னைவரை போக நினைக்காதீர்கள். அடுத்த பஞ்சர் கடைவரை மட்டும் போங்கள்.

புது கார் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. டியூப்லெஸ் டயர், பஞ்சர் கிட், காற்றழுத்தம் காட்டும் கருவி மூன்றும் இருந்தால் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. வாங்கும் முன் டிக்கியைத் திறந்து பாருங்கள்.

நம் டிரஸ்ட் கார் விஷயத்தில் மூன்று முடிவுகள் செய்திருக்கிறோம். காரின் டயருக்குச் சமமான அளவில் புது ஸ்டெப்னி வாங்கியாயிற்று. மாதம் ஒருமுறை அதன் காற்றைப் பார்த்து நோட்டில் எழுதுவோம். "இந்த வண்டி ஓடத் தகுதியில்லை" என்று டிரைவர் சொன்னால், செயலாளர் உட்பட யாரும் அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. அந்த நோட்டு அலுவலக மேசையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து புரட்டிப் பார்க்கலாம். விட்டுப்போயிருந்தால் என்னைக் கேளுங்கள்.