சுவரில் கிறுக்கும் உரிமை

(தாம்பரத்தில் இளம் பெற்றோர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

 

குழந்தையின் படைப்பாற்றலை வளர்ப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். ஓவியம், இயற்கை, குடும்பம் என்று மூன்று சொற்களையும் கையில் கொடுத்திருக்கிறீர்கள். மூன்றும் நல்ல சொற்கள்தான். ஆனால் தமிழ்நாட்டில் சாதியைத் தொடாமல் இவற்றைப் பற்றிப் பேசினால், அது வண்ணப் பென்சில் விளம்பரம் போலத்தான் இருக்கும்.

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை வண்டியில் போய்ப் பாருங்கள். தெருவுக்குத் தெரு 'மாண்டிசோரி' என்று பலகை தொங்குகிறது. இங்கே இருக்கும் தோழர்கள் பலரின் குழந்தைகளும் அங்கேதான் போகிறார்கள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

1907 ஜனவரி 6. ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதி. கூலித் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த அடுக்குக் குடியிருப்புகளை ஒரு கட்டட நிறுவனம் புதுப்பித்திருந்தது. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போனதும் குழந்தைகள் படிக்கட்டில் ஓடுகிறார்கள், புதுச் சுவரைப் பாழாக்குகிறார்கள் என்பது நிறுவனத்தின் கவலை. ஓர் அறையில் அவர்களை அடைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அதற்காகத்தான் மரியா மாண்டிசோரி என்ற மருத்துவரிடம் போனார்கள். சுவரைக் காப்பாற்றத் திறந்த அறையில் அவர் குழந்தைகளைக் கவனித்தார். அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் பொருள்களை வைத்தார். எதை எடுப்பது, எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்பதை அவர்களிடமே விட்டார். உலகம் முழுக்கப் பேசப்படும் அந்தக் கல்விமுறை ஏழைகளின் குடியிருப்பில், ஏழைக் குழந்தைகளிடமிருந்து பிறந்தது.

அவர் நமக்குத் தூரத்து ஆளும் இல்லை. 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியது. எதிரி நாட்டவர் என்று பிரிட்டிஷ் அரசு அவரைச் சபை வளாகத்தை விட்டு வெளியேற விடவில்லை. பிறகு சில ஆண்டுகள் கொடைக்கானலில் இருந்தார். செடி, பூச்சி, கல், மண் என்று இயற்கையை மையமாக வைத்த அவருடைய பாடங்கள் பல அங்கேதான் உருவாயின. போர் முடிந்து 1946இல்தான் ஐரோப்பா திரும்பினார்.

இப்போது ரோமை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கம் என்று போடுங்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மூன்றும் நகரத்தின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்களுக்காகக் கட்டப்பட்டவை. அவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் வாழ்ந்தவர்களை எடுத்துக்கொண்டு வந்து எட்டு மாடியில் வைத்தார்கள். காலையில் அம்மா வீட்டு வேலைக்குப் பழைய இடத்துக்கே பஸ் ஏறிப் போகிறார். குழந்தை படிக்கட்டில் நிற்கிறது. சான் லொரென்சோவும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தது. ஆனால் மாண்டிசோரி பலகை அங்கே இல்லை, இங்கே இருக்கிறது. யாருக்காகப் பிறந்ததோ அவர்களைத் தவிர எல்லோருக்கும் கிடைக்கிறது, காசு இருந்தால்!

2020இல் கண்ணகி நகரின் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வந்தன. நன்றாகவே இருக்கின்றன, குறை சொல்லவில்லை. பெயர் கெட்டுப்போன இடம் என்று ஒதுக்கப்பட்ட ஊரைப் பார்க்க ஆட்கள் வந்ததும் நல்லதுதான். ஆனால் வெளியிலிருந்து வந்த ஓவியர் வரைந்தால் அது கலை. அதே சுவரில் அந்த வீட்டுப் பிள்ளை கரித்துண்டால் கோடு இழுத்தால் அது அசிங்கம். இந்த வேறுபாட்டைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

இயற்கைக்கு வருகிறேன். நம்மைச் சுற்றி இல்லாதது இல்லை. செம்பாக்கம் ஏரி நிறைந்தால் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாகத் தண்ணீர் இறங்கிப் பள்ளிக்கரணையில் சேர்கிறது. பள்ளிக்கரணை 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது; பூநாரை வருகிறது. பக்கத்திலேயே பெருங்குடிக் குப்பைமேடும் இருக்கிறது. நம் வகையறாவினர் குழந்தையைப் பூநாரை காட்டக் கூட்டிப்போகிறோம். நல்லது. அந்தக் குப்பைமேட்டையும் காட்டுங்கள். அதில் யார் பொறுக்குகிறார்கள், ஏன் அவர்கள் மட்டும் பொறுக்குகிறார்கள் என்று குழந்தை கேட்கும். பறவைக்குப் பெயர் சொல்லத் தெரிந்த அப்பாவுக்கு அந்தக் கேள்விக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

இயற்கையைச் சொல்லித்தருபவர் யார் என்பதும் கேள்விதான். செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் 1978இலேயே கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் பாம்பு பிடித்து, நாடு முழுக்க விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுத்தவர்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆனாலும் நம் பிள்ளைகளுக்கு 'நேச்சர் வாக்' நடத்த வருபவர் ஆங்கிலம் பேச வேண்டும் என்றுதான் எதிர்பார்க்கிறோம்.

மூன்றாவது குடும்பம். இங்கேதான் நான் கொஞ்சம் தயங்குகிறேன். வீடே பள்ளி, அப்பா அம்மா செய்யும் வேலையைப் பார்த்தே குழந்தை கற்கும் என்று இப்போது அழகாக எழுதுகிறார்கள். 1953இல் ராஜாஜியும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். பெரியார் அதைக் குலக்கல்வி என்று அம்பலப்படுத்தினார். 1954இல் காமராஜர் ஆட்சிக்கு வந்ததும் அந்தத் திட்டம் போனது. களிமண் பிசைவது குழந்தைக்கு நல்லது. குயவர் வீட்டுக் குழந்தை மட்டும் களிமண் பிசைய வேண்டும் என்றால் அது வருணாசிரமம். தேசியக் கல்விக் கொள்கை புத்தகப்பை இல்லாத நாள், தச்சரிடமும் குயவரிடமும் பயிற்சி என்று சொல்லும்போது நமக்குச் சந்தேகம் வருவது இந்த வரலாற்றால்தான்.

அதற்காகக் கைவேலையே வேண்டாம் என்று ஓடவும் கூடாது. பொறியாளர் வீட்டுப் பையன் மண்ணைப் பிசையட்டும், மாவையும் பிசையட்டும். துப்புரவுத் தொழிலாளி மகள் நீர்வண்ணம் தீட்டட்டும், வயலின் வாசிக்கட்டும். காஞ்சா அய்லய்யா குழந்தைகளுக்காகவே உழைப்பின் மதிப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மண்பாண்டம், நெசவு, தோல் வேலை, சலவை எல்லாவற்றுக்குள்ளும் இருக்கிற அறிவை அது விளக்குகிறது. அதற்குப் படம் வரைந்தவர் துர்காபாய் வியாம் என்ற கோண்டு பழங்குடி ஓவியர். உங்கள் குழந்தைக்குப் பிறந்தநாள் பரிசாக அதை வாங்கிக் கொடுக்கலாம்.

வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். 'தோல் கலர்' என்று குழந்தை கேட்டு வாங்கும் பென்சிலைப் பாருங்கள். அந்த நிறத்தில் நம் வீட்டில் ஒருவரும் இல்லை. பழுப்பையும் கறுப்பையும் எடுத்துக் கொடுங்கள், கண்ணாடி முன் உட்கார்ந்து வரையட்டும். மண்ணில் விளையாடினால் 'சேரிப் பிள்ளை மாதிரி' என்று பாட்டி சொல்வார். பாட்டிக்கு மரியாதையோடு, ஆனால் குழந்தையின் முன்னாலேயே பதில் சொல்லுங்கள். குழந்தை அந்த இரண்டையும் சேர்த்தேதான் கற்கும். கீபோர்டு வகுப்புக்குக் காசு கட்டுகிறோம். பறையை இன்ஸ்டாகிராமில் ரசிக்கிறோம். மகளைப் பறை கற்க அனுப்பியவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர்? (சிரிப்பு) சரி, கை தூக்க வேண்டாம். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு வரைவது அப்பா, சிந்திய வண்ணத்தைத் துடைப்பது அம்மா என்றால் குழந்தை எதைப் படமாக மனதில் வைத்துக்கொள்ளும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் வீட்டோடு நின்றால் இது நம் பிள்ளைகளைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடும். இரண்டிலிருந்து ஐந்து வயது வரை பெரும்பாக்கத்துக் குழந்தைக்கு இருப்பது அங்கன்வாடிதான். அங்கே காகிதம் இருக்கிறதா, வண்ணம் இருக்கிறதா, தரையில் உட்கார்ந்து வரைய இடம் இருக்கிறதா? சோறும் முட்டையும் போராடிப் பெற்றோம். களிமண்ணுக்கும் தூரிகைக்கும் யார் கேட்டிருக்கிறோம்? ஊழியர்கள் மேல் பழி போடாதீர்கள். எடை பார்ப்பதும் பதிவேடு எழுதுவதும் சமைத்ததைப் பரிமாறுவதும் அவர்கள்தான். அதற்கு அரசு தருவது சிறப்புக் காலமுறை ஊதியம், முறையான அரசு ஊழியர் சம்பளம்கூட இல்லை.

உங்கள் வீட்டருகே ஓர் அங்கன்வாடி இருக்கும். எத்தனை பேருக்கு அதன் இடம் தெரியும்? அடுத்த வாரம் உள்ளே போய்ப் பாருங்கள். என்ன இல்லை என்று அந்த அம்மாவிடமே கேட்டு எழுதுங்கள். அதை மனுவாக்கி மாமன்ற உறுப்பினரிடமோ ஊராட்சித் தலைவரிடமோ பத்துப் பேராகப் போய்க் கொடுப்போம். இடம் நன்றாக இருந்தால் உங்கள் பிள்ளையையும் அங்கேயே சேர்க்கலாம். அதைப் பற்றித்தான் இப்போது உங்களோடு விவாதிக்க விரும்புகிறேன். கேள்விகளைக் கேளுங்கள்.